வயல் மண்ணில் வார்த்த துவைக்கிற கல்

கல்யாணமாகி வடக்கனந்தலுக்கு வந்த நாளிலிருந்து நான் குளித்ததெல்லாம் வேலியோரம் நாலு ஓலைத் தட்டிக்கு நடுவில்தான். மேலே கூரை கிடையாது. பக்கத்து வீட்டில் தேங்காய் பறிக்க ஆள் மரமேறினால், பாதி சோப்போடு புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடிவருவேன். கத்திக் கத்தியே கான்கிரீட் கூரை போட்ட குளியலறைக்கு என் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்தேன்.

சுவர் எழும்பியது. கூரைக்கு ஆற்று மணல் கிடைக்கவில்லை. கல்லை அரைத்துச் செய்யும் எம்-சாண்ட் வாங்கச் சொன்னார் மேஸ்திரி. இவருக்கு மனசே வரவில்லை.

“நம்ம நெலத்துல இல்லாத மண்ணா? கரும்பு ரெண்டாளு ஒசரம் நிக்குது. ஒரு கூரை நிக்காதா?”

“அந்தச் செம்மண்ணுல களி ஜாஸ்திண்ணே. சிமெண்ட் புடிக்காது,” என்றார் மேஸ்திரி.

இவர் கேட்டால்தானே! தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கடைசியில், அந்த மண்ணில் முதலில் ஒரு துவைக்கிற கல் வார்ப்பது, அது தேறினால் கூரைக்கும் அதே மண் என்று முடிவானது. நான் சும்மா விடுவேனா? என் தலைக்கு மேலே வரப்போவது அல்லவா!

கல்லுக்கு ஈரச் சாக்கு போர்த்தி வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினார். நான் காய்ச்சலில் கிடந்தபோதுகூட இந்தக் கவனிப்பு கிடையாது. சாக்கை எடுத்தால் கல் மழமழவென்று இருந்தது. அதன்மேல் உட்கார்ந்து டீ வேறு குடித்தார், மகாராசன்.

நான் வேண்டுமென்றே அவருடைய வெள்ளை வேட்டியை எடுத்துப் போனேன். ஓங்கி நாலு அடி. கல்லின் மூலை பெயர்ந்து காலடியில் விழுந்தது. வேட்டி முழுக்கச் செம்மண் சாயம்.

“நீ அடிக்கிற அடிக்கு மலையே ஒடையும்டி!”

“மழை மட்டும் பாத்துக்கினு பெய்யுமா? குளிக்கிறப்ப என் தலமேல வுழுந்தா இன்னா பண்ணுவீங்க?”

பெயர்ந்த மூலையை எடுத்துக் கல்லோடு பொருத்திப் பார்த்தார். மறுநாள் வேறு வேட்டி காயாததால், அதையே கட்டிக்கொண்டு எம்-சாண்ட் சொல்லக் கள்ளக்குறிச்சிக்குப் போனார். பஸ்ஸில் யாரோ, “சாமிக்கு மாலை போட்டுக்கிறீங்களா?” என்று கேட்க, வெட்கத்தில் “ஆமாங்க” என்றிருக்கிறார். வந்து அவரே இதைச் சொன்னார். விரதக்காரருக்கு எதற்கு என்று, அன்று வைத்த மீன் குழம்பை நானே வழித்துச் சாப்பிட்டேன்.

எம்-சாண்டில் கூரை ஏறியது, கதவும் வந்தது. முதல் நாள் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு, குளிக்காமல் வெறுமனே நின்றேன்.

“இன்னா, உள்ளயே தூங்கிட்டியா?” என்று இவர் வெளியிலிருந்து கதவைத் தட்டினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில், நான் இருக்கும் இடத்துக்கு வெளியே நின்று ஒருவர் கதவைத் தட்டியது அன்றுதான்.

“தொறக்க முடியாது, போங்க,” என்றேன்.