கதவுக்குப் பின்னால் இருந்த எயார் ரைபிள்

எங்கள் வீடு மாத்தளை டவுனுக்குச் சற்று வெளியே, கராம்புத் தோட்டத்துக்குள் இருக்கிறது. குரங்குகளை விரட்ட என் கணவர் காற்றழுத்தத்தில் சுடும் ஓர் எயார் ரைபிள் வைத்திருந்தார். எப்போதும் அதில் குண்டு போட்டே சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைப்பார். பாடசாலைத் துப்பாக்கிச் சுடும் அணியில் இருந்த எங்கள் மகள் பலமுறை சொன்னாள்.

“வாப்பா, சுடப்போற நேரம்தான் குண்டு போடணும். இப்படி வெச்சா எங்க கோச் சேர் டீம்ல இருந்தே தூக்கிடுவார்.”

“நான் குண்டு போடுற வரைக்கும் கொரங்கு கையக் கட்டிட்டு நிக்குமா மகள்?” என்று அவர் சிரித்தார்.

போன வருடம் ஒரு பகல், தென்னையில் குரங்குகள் பாய்ந்தன. அவர் அவசரமாக ரைபிளை இழுத்தபோது கதவுத் திரையில் விசை சிக்கி வெடித்தது. பாடசாலை விட்டு உள்ளே வந்த மகளின் வலது கண்ணில் குண்டு பாய்ந்தது. அவள் குறிபார்க்கும் கண் அது. டாக்டர்மார் எவ்வளவு முயன்றும் பார்வை திரும்பவில்லை.

இப்போது ரைபிள் குண்டில்லாமல் அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது, குண்டுகள் வேறு அறையில். குரங்கு வந்தால் தகரம் தட்டுகிறோம்.

மகள் இடது கண்ணால் சுடப் பழகுகிறாள். பயிற்சிக்குக் கூடப் போகும் என் கணவர் அவளுடைய துப்பாக்கியைத் திறந்து பார்த்து, “உள்ள ஒன்னுமில்ல மகள்” என்று நீட்டுவார். அவள் வாங்கி, மறுபடி தானே திறந்து பார்ப்பாள். அதுதான் சரியான முறை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் அவள் பார்த்து முடிக்கும்வரை அவர் தலை நிமிர்வதில்லை.