மாமா திறந்தது சீஸ் அல்ல

என் மாமா இங்கிலாந்தில் சம்பளத்துக்குக் கிரிக்கெட் ஆடியவர் என்பதைக் கனடாவின் மொன்றியலில் இரண்டே பேர்தான் நம்பினோம். ஒன்று நான். மற்றது மாமி, அப்பாவின் தங்கை. அவரும் மாமாவோடு கோபம் இல்லாத நாட்களில் மட்டும்.

மாமா சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் போய், அங்கே ஒரு கவுண்டி அணிக்குச் சில கோடைகாலங்கள் ஓப்பனராக ஆடினார். கவுண்டி என்றால் நம்முடைய மாவட்டம் மாதிரி. ஓப்பனர் என்றால் முதலில் மட்டையோடு இறங்குகிறவர். ஏப்ரல் குளிரில் மூன்று சட்டை போட்டுக்கொண்டு இறங்கி, செப்டெம்பரில் அடுத்த வருட ஒப்பந்தம் கிடைக்குமா என்று மனேஜரின் முகத்தைப் பார்க்கும் தொழில் அது. குளிர்காலம் முழுக்கப் பண்டகசாலையில் பெட்டி தூக்குவாராம். ஒரு செப்டெம்பரில், இனிக் கெதியாக ரன் அடிக்கிற ஆள்தான் தேவை என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். பிறகு கலியாணம் பேசி, மாமியின் ஸ்பொன்சரில் இங்கே வந்து, சீஸ் தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். கொண்டுவந்த மட்டை வாசல் அலுமாரிக்குள் பனி அள்ளும் சவலோடு சேர்ந்து நின்றது. வெளிப் படிக்கட்டில் உறைந்த ஐஸை உடைக்க மாமி அதைத்தான் எடுப்பார். சவலைவிட அது பாரம் என்பது அவருடைய கட்சி.

அப்போது நாங்கள் செயின்ட்-மிஷேலில், ஒரே கட்டடத்தில் அவர்கள் மேலும் நாங்கள் கீழுமாக இருந்தோம். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களையெல்லாம் வாசித்துத் தமிழில் சொல்வது நான். அதனால் மொழிபெயர்ப்பில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பள்ளியில் ஒருநாள், வீட்டில் உள்ள ஒருவரின் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அப்பா உணவகத்தில் கோப்பை கழுவினார். அதைச் சொல்ல மனமில்லாமல் மாமாவை எடுத்தேன். அகராதியில் கவுண்டிக்குப் பிரெஞ்சில் ‘கொந்தே’ என்று போட்டிருந்தது. ஓப்பனருக்குத் ‘திறப்பவர்’. வகுப்பின் முன் நிமிர்ந்து நின்று, என் மாமா தொழில்முறைக் கொந்தே திறப்பவர் என்று அறிவித்தேன்.

எங்கள் ஆசிரியை பிரான்சிலிருந்து வந்தவர். கொந்தே என்பது அவருடைய ஊர்ப் பக்கத்துச் சீஸின் பெயர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, மாமா இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்த வகுப்பில் என் பெயர் சீஸ்.

மாமா நேரில் வந்து ஆடிக் காட்டினால் ஒழிய அந்தப் பெயர் போகாது என்று எனக்குப் பட்டது. உடற்பயிற்சி ஆசிரியர் சம்மதித்தார். மாமாவிடம் போய் அழுதேன். மாமிதான் முதலில் பாய்ந்தார்.

“விடிய விடிய நிண்டு வேலை செய்துபோட்டு வாற மனுசன். நித்திரையும் இல்லாமல் உந்தப் பிள்ளையளோட பந்தடிக்கப் போறாரோ?”

“உவன் அழுறான் எல்லே,” என்றார் மாமா. “ஐஸ் உடைக்கிற மட்டையை ஒருக்காத் துடைச்சுத் தாரும்.”

சொன்ன நாளில் மேலதிக வேலையும் செய்துவிட்டு நேராகப் பள்ளிக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. ஜக்கெற்றில் புளித்த பால் மணம். முற்றத்தில் குப்பைப் பெட்டி ஒன்றை விக்கெட்டாக வைத்தோம். எறிகிற பந்து பெட்டியில் பட்டால் மாமா அவுட். வகுப்பு முழுவதும் வரிசையில் நின்று ரெனிஸ் பந்தால் எறிந்தது. எல்லோரும் பேஸ்போல் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களுக்குப் பந்து வேலிக்கு மேலால் பறக்கவேண்டும். பறக்கும் என்று நான் வாக்கும் கொடுத்திருந்தேன்.

மாமா அடிக்கவே இல்லை. பெட்டியை நோக்கி வந்த பந்தைக் காலடியில் சாகவைத்தார். விலகி வந்த பந்தை, மட்டையைத் தூக்கிப் பிடித்து, போக விட்டார். “அடி! அடி!” என்று வகுப்பு பிரெஞ்சில் கத்தியது. “மாமா, ஒண்டே ஒண்டு அடியுங்கோ!” என்று நான் தமிழில் கத்தினேன். அவர் மட்டையால் நிலத்தைத் தட்டிவிட்டு அடுத்த பந்துக்குக் குனிந்தார். கடைசியில் உடற்பயிற்சி ஆசிரியரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து, ஒரு கட்டியான பந்தால் எறிந்தார். அது மாமாவின் விலாவில் பட்டது. பெட்டியில் படவில்லை.

மணி அடித்தபோது பாதிப் பேர் உதைபந்தாட்டத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு பந்துகூடப் பெட்டியில் படவில்லை என்பதை யாரும் கவனிக்கவும் இல்லை. என் பக்கத்து மேசை ஹெயிட்டிப் பையன் தோளில் தட்டினான்.

“சீஸ், உன் மாமா திறக்கிற ஆள் இல்லை. மூடுகிற ஆள்.”

பஸ்ஸில் அதை மாமாவிடம் கோபத்தோடு சொன்னேன். அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அவன் சரியாத்தானே சொல்லியிருக்கிறான்.”

“ஏன் மாமா நீங்கள் அடிக்கேல்லை?”

“அது என்ர வேலை இல்லையடா. புதுப் பந்து எழும்பும், வளையும், எந்தப் பக்கம் போகுமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. முதல் போறவன் அதை வாங்கி வாங்கிப் பழசாக்கிக் குடுக்கவேணும். ரன் பின்னால வாறவைக்கு.”

“அப்ப உங்களுக்கு?”

“எனக்கு நித்திரை,” என்று சொல்லிக் கண்ணை மூடினார். பஸ் குலுங்கும்போதெல்லாம் தலை யன்னலில் மோதியது. அவருக்கு அது தெரியவில்லை. அடித்திருந்தால் நான் சீஸ் ஆக இருக்கமாட்டேனே என்பதுதான் வீடு வரை என் கவலை.

போன மாதம் எனக்குப் பட்டமளிப்பு. எங்கள் வீட்டில் பட்டம் எடுக்கும் முதல் ஆள் நான்தான். படிப்புக் காசில் பாதி மாமாவின் மேலதிக வேலையில் வந்தது. என் பெயரைக் கூப்பிட்டபோது அப்பா எழுந்து நின்று கைதட்டினாராம். பக்கத்துக் கதிரையில் மாமா, இரவு வேலை முடித்து நேராக வந்தவர், வாய் திறந்தபடி நித்திரையாம். மாமி எழுப்பப் போக, அப்பாதான் கையைப் பிடித்து, “விடு, படுக்கட்டும்,” என்றாராம்.

அன்றைக்குப் பஸ்ஸில் அவர் பந்தைப் பற்றித்தான் கதைக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.