தளத்தை மூட மாட்டோம்!

போன மாதம் ஒரு நாள், லேப்டாப்பும் கையுமாக இந்திரா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் கோபம்.

"அக்கா, நம்ம சைட்டை அடிச்சிட்டாங்க!"

இந்திரா பிள்ளைச்சாவடிக்காரி. மீன்பிடிக் குடும்பம். டவுனில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அவள் ஊரில் கடல் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. கடந்த மழைக்காலத்தில் அவள் சித்தி வீட்டின் பின்சுவரைக் கொண்டுபோய்விட்டது. ஞாயிறுதோறும் அவள் கரையைப் படம் பிடிப்பாள் – அதே இடம், அதே கோணம். அதை ஓர் இணையதளத்தில் போடுவாள். படத்துக்குக் கீழே நாலு வரி எழுதுவது நான். எங்கள் தளம் அவ்வளவுதான்.

அதைப் போய் யார் அடிப்பார்கள்?

கரை பற்றி மக்களிடம் கருத்துக் கேட்க அரசு அதிகாரிகள் கூட்டம் போடப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. அன்றிலிருந்துதான் தொல்லை. யாரோ எங்கிருந்தோ போலி வருகைகளைக் கும்பலாக ஏவிவிடுகிறார்கள். எதுவும் வாங்காத கூட்டம் ஒரு சின்னக் கடையின் வாசலை அடைத்துக்கொண்டால், வாங்க வந்தவர் எப்படி உள்ளே போவார்? தளம் படுத்துவிட்டது. செய்தது யார்? இன்றுவரை தெரியாது.

தளத்தை அமைத்துக் கொடுத்த வினோத்திடம் போனோம். ரெட்டியார்பாளையத்தில் என் தெருவிலேயே கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர்.

"கூட்டம் முடியற வரைக்கும் மூடி வெச்சிடுங்க மேடம். ஏன் வம்பு? ரெண்டு வாரம்தானே."

இந்திரா கேட்டாள்: "அந்த ரெண்டு வாரம் கடலு லீவு எடுத்துக்குமாண்ணா?"

நாங்கள் அங்கேயே முடிவு செய்தோம். மூடுவதில்லை!

தளத்துக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு பாதுகாப்புச் சேவை இருக்கிறது – வாசல் காவலாளி மாதிரி. கும்பல் வந்தால் இமெயிலில் எச்சரிக்கை அனுப்பும். நாங்கள் பார்த்து, உள்ளே போய், காவலை இறுக்கும் சுவிட்சைத் தட்ட வேண்டும். இந்திரா கடையில் போனைத் தொட முடியாது. நான் அடுப்படியில் இருப்பேன். எச்சரிக்கை வந்து என்ன பிரயோஜனம்?

'இது நடந்தால் அதைச் செய்' என்று வேலைகளைக் கோத்துவிடும் ஆட்டோமேஷன் தளங்கள் இருப்பதாக வினோத்தான் சொன்னார். காவலாளியை அதோடு இணைத்துவிட்டால், எச்சரிக்கை வந்ததும் சுவிட்சை அதுவே தட்டும். எங்கள் போனுக்கும் செய்தி அனுப்பும்.

"அப்ப செஞ்சி குடுங்கண்ணா."

"நான் கை வெக்க மாட்டேன்மா. நாளைக்கு எதுனா பிரச்சனைன்னா என் கடைப் பேரு அடிபடும்."

பயம். குறை சொல்ல முடியுமா? சரி... நாங்களே செய்துகொள்கிறோம்!

அந்த ஞாயிறு என் சாப்பாட்டு மேஜைதான் எங்கள் ஆபீஸ். ஒரு தளம் இன்னொன்றுக்குள் போய் வேலை செய்ய, ரகசியச் சாவி ஒன்று வேண்டும் – நீளமான எழுத்துக் கோவை. நான் அவசரத்தில் எல்லா அதிகாரமும் உள்ள சாவியைத் தூக்கிக் கொடுக்கப் போனேன். இந்திரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுவிட்சு தட்டறதுக்கு எதுக்குக்கா வீட்டுப் பத்திரம்?"

அந்த ஒரு வேலைக்கு மட்டும் செல்லுபடியாகும் சாவியை உருவாக்கினோம். சோதித்தோம். சுவிட்ச் தானாக விழுந்தது, போனில் செய்தி வந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

மறுநாள் ராத்திரியே அவளிடமிருந்து போன். "அக்கா, எங்க ஊர்ல யாருக்குமே சைட்டு தொறக்கல!"

புதுப் படங்களைப் பார்க்க ஊரே ஒரே நேரத்தில் திறந்திருக்கிறது. ஊர் முழுக்க ஒரே போன் கம்பெனி. எல்லோரும் ஒரே முகவரியிலிருந்து வருவதுபோல் காவலாளிக்குத் தெரிந்திருக்கிறது. கும்பல் என்று நினைத்து மொத்தப் பிள்ளைச்சாவடியையும் வெளியே நிறுத்திவிட்டது!

பயந்துபோய்ப் பூட்டுப் போடுகிற எல்லோரும் செய்கிற தவறுதான். முதலில் வெளியே மாட்டிக்கொள்வது நம்மவர்கள்.

'கதவைச் சாத்தாதே, கேட்டு அனுப்பு' என்று மாற்றினோம். சந்தேகம் வந்தால் 'நீங்கள் மனிதர்தானா?' என்று கேட்டு ஒரு கட்டம் காட்டும். டிக் அடித்தால் உள்ளே போகலாம். போலிக் கும்பல் அங்கேயே நின்றுவிடும்.

கூட்ட நாள். மேடையில் ஓர் அதிகாரி, பின்னால் பெரிய திரை. முன்வரிசையில் ஊர்ப் பெண்கள். இந்திரா மைக்கைப் பிடித்ததும் என் போன் அதிர்ந்தது... தாக்குதல்! போனைத் தூக்கிக் காட்டினேன். பார்த்தாள். ஆனால் பேச்சை நிறுத்தவில்லை.

"கரை எங்க இருந்துச்சி, இப்ப எங்க இருக்குதுன்னு நீங்களே பாருங்க சார். உங்க கம்ப்யூட்டர்லயே தொறங்க."

திறந்தார். படம் வரவில்லை, கேள்வி வந்தது – நீங்கள் மனிதர்தானா? கூடமே சிரித்தது.

"இன்னாம்மா இது?"

"யாரோ சைட்டை அடிக்கறாங்க சார். இதோ, இந்த நிமிஷம். நீங்க டிக்கு போடுங்க, வரும்."

போட்டார். வந்தது. சித்தி வீட்டுச் சுவர் நிற்கும் படம். விரிசல் விட்ட படம். பிறகு, சுவரே இல்லாத படம். சிரிப்பு அடங்கிவிட்டது. முன்வரிசையில் சித்தி மெதுவாக எழுந்து நின்றார்.

"அது என் வூடு சார்."

அதிகாரி படங்களைக் கூட்டப் பதிவில் சேர்க்கச் சொன்னார். நேரில் வந்து பார்ப்பதாகவும் சொன்னார். இந்த வாரம் வந்தும் பார்த்துவிட்டார். கரைக்கு என்ன செய்வார்கள்? தெரியாது. படம் எடுப்பதை மட்டும் நிறுத்தப்போவதில்லை.

அன்று கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது இந்திராவிடம் கேட்டேன்: "இதைவிடப் பெருசா அடிச்சா என்ன பண்றது?"

"அடிக்கட்டுங்கா. அடிக்கறான்னா... நம்ம படத்தைப் பாக்கறான்னுதான அர்த்தம்!"