கரண்ட் போனால் கச்சேரி

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு எங்கள் வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் வணங்குகிறேன். இந்த மலரில் அப்பாவைப் பற்றி எழுதும்படி அம்மா சொன்னபோது, பெரியப்பாவே எழுதட்டும் என்றுதான் முதலில் சொன்னேன். கைக்குழந்தை தூங்கும் நேரங்களில் எழுதியதால் சில விஷயங்கள் விட்டுப்போயிருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதோடு, இந்த நாளுக்குள் ஒரு முடிவைச் சொல்வதாகவும் பெரியப்பாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அப்பா நடத்திய கச்சேரிக் கூடத்தை ஒரு துணி வியாபாரி கோடவுனுக்குக் கேட்டிருந்தார். கொடுப்பதா, நாமே வைத்துக்கொள்வதா? நான் ஒரே பிள்ளை என்பதால் அம்மா அந்தக் கேள்வியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அப்பா கரிவலம்வந்தநல்லூரில் விவசாயக் குடும்பத்தில் இரண்டாவது மகனாகப் பிறந்தார். மழையில்லாத வருடங்களில் படிப்பை நிறுத்திவிட்டு, பெரியப்பாவோடு சங்கரன்கோவிலுக்கு வந்து விசைத்தறியில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு ஷிப்டும் பார்த்த நாட்கள் உண்டு. பிறகு சொந்தமாகத் தறி போட்டார். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்ததால் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. வீட்டில் ரகசியம் பேசினாலும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். பாடவும் வராது. அவர் கச்சேரிக் கூடம் நடத்தினார் என்றால் வெளியூர் உறவினர்கள் நம்புவதில்லை.

நடந்தது இதுதான். மாதம் ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரத்தை நிறுத்துவார்கள். அன்று எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது. தறிக்காரர்கள் செய்வதற்கு வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு நாளில் அப்பாவின் நண்பர், புளியங்குடி பீர் அண்ணாச்சி, பழுது பார்த்த தன் ஆர்மோனியத்தோடு ஊருக்குத் திரும்பும் வழியில் எங்கள் தறிக் கூடத்துக்கு வந்தார். சரியாகப் பேசுகிறதா என்று பார்க்க வாசித்தார். தெருவே உள்ளே வந்து தறிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டது.

"அடுத்த கரண்ட் கட்டுக்கும் வாரீரா வே?" என்று அப்பா கேட்டாராம்.

"கரண்ட என்னைக்கு நிறுத்துவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பேப்பர்ல போடுவான். பாத்துட்டு வாரும்."

அப்படித்தான் தொடங்கியது. பின்னாளில் முதுகு வலியால் அப்பா தறிகளை விற்றுவிட்டு நூல் கடை வைத்தார். கூடத்தை மட்டும் விடவில்லை. பாய் விரித்து, ஓர் ஓரத்தில் மரப்பலகைகளால் மேடை போட்டார். கல்யாண மாதம் இல்லாதபோது நாதஸ்வரக்காரர்கள் வருவார்கள். சர்ச்சில் பாடும் பெண்கள், சிவகிரியிலிருந்து வில்லுப்பாட்டுக் குழு என்று வராதவர்கள் குறைவு. மைக் கிடையாது, டிக்கெட் கிடையாது. கூடத்துக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. "கரண்ட் கட் கச்சேரி" என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டிலேயே வழி சொல்வார்கள்.

மேடையேறுகிறவர்களிடம் அப்பா ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். கரண்ட் வந்தால் கூட்டம் எழுந்து போய்விடும், அதை மனதில் வைக்கக் கூடாது என்று. ராஜபாளையத்திலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டார். பாட்டின் நடுவில் விளக்கு எரிந்தது. ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவர் பாடுவதை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, அவ்வளவு மோசமாவா பாடுதேன்?" என்று கேட்டார்.

"மோசம்னா கரண்ட் வருததுக்கு முன்னாலயே போயிருப்பாங்கம்மா," என்றார் அப்பா.

அந்த அம்மா சிரிக்கவில்லை. அப்பா மறுநாளே ராஜபாளையம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அதன்பிறகு அந்த அம்மா பல முறை வந்து பாடியிருக்கிறார்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். துபாயில் இருந்த கடையநல்லூர் நண்பர் ஒருவர், இனி மைக்கோடு கச்சேரி நடக்கட்டும் என்று ஒரு ஜெனரேட்டர் வாங்கிக் கொடுத்தார். அதை ஓடவிட்ட முதல் நாளே பக்கத்துத் தறிக்காரர் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, பாட்டுக்குப் போக மிச்சக் கரண்ட்ல நமக்கும் ஒரு லைன் தரலாம்லா?"

அப்பாவுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாது. லைன் கொடுத்தார். அவருடைய தறிகள் ஓடத் தொடங்கின. அவரிடம் வேலை பார்த்தவர்கள்தான் எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர், எல்லோரும் போய்விட்டார்கள். மீதிப் பேருக்குத் தறிச் சத்தத்தில் பாட்டுக் கேட்கவில்லை. அம்மா வாசலில் நின்று, "கரண்ட் போனாத்தான கச்சேரி? கரண்ட வாங்கி வச்சிட்டு ஆளத் தேடுதீகளே!" என்றார். அதன்பின் ஜெனரேட்டர் ஊரார் வீட்டு விசேஷங்களுக்கும் துக்கங்களுக்கும் போய்வந்தது.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயும் பேப்பரில் மின்தடை அறிவிப்பு வந்திருக்கிறதா என்று கேட்டார். "மூச்சு விட முடியல, இதுல கரண்ட் கட்ட விசாரிக்காவ," என்று அம்மா நர்ஸிடம் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போய் அழுதார். சில நாட்களில் அப்பா எங்களை விட்டுப் பிரிந்தார்.

அதிலிருந்து கூடம் பூட்டியே கிடந்தது. சில மாதங்கள் கழித்து ஒரு நாள் அம்மாவைப் பார்க்கக் குழந்தையோடு வந்திருந்தேன். அன்று மின்தடை என்பதுகூட எனக்கு நினைவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் தெருவில் பலர் உட்கார்ந்திருந்தார்கள். பீர் அண்ணாச்சியும் ஆர்மோனியப் பெட்டியோடு இருந்தார். பக்கத்துத் தறியில் வேலை பார்க்கும் செல்வி அக்கா என்னைக் கண்டதும் எழுந்தார்.

"ஏட்டி, சாவி வச்சிருக்கியா? வெயிலு மண்டையப் பொளக்கு."

"வருசம் திரும்பலையேக்கா. பெரியப்பா என்ன சொல்லுவாகளோ."

"நாங்க என்ன மேளமா கொட்டப்போறோம்? உக்கார எடந்தான கேக்கோம்."

அம்மாவைப் பார்த்தேன். "நீ பாத்துக்கோ," என்று குழந்தையை வாங்கிக்கொண்டார். திறந்துவிட்டேன். சரியா தவறா என்று அப்போது தெரியவில்லை. பீர் அண்ணாச்சி பெட்டியைத் திறக்காமல் என்னையே பார்த்தார்.

"வாசிக்கட்டுமா மக்கா? நீ வேண்டாம்னா வேண்டாம்."

"மெதுவா வாசிங்க," என்றேன்.

"மெதுவா வாசிச்சா உங்கப்பாவுக்குக் கேக்காதே!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா போனபிறகு அந்தக் கூடத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது. பிறகு அவர் வாசித்தார். கரண்ட் வந்ததும் பெண்கள் சேலையை உதறிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அடுத்த மாதமும் திறப்பேனா என்று செல்வி அக்கா கேட்டார். தெரியவில்லை என்றேன். "தெறக்க மாட்டேன்னா முன்னாலயே சொல்லிரு. நாங்க வேற நெழலு பாக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் கோபமில்லை. அதனால்தான் அதை என்னால் மறக்க முடியவில்லை.

அப்பாவின் மேல் உள்ள மரியாதைக்காக ஒரு நாள் வந்திருக்கிறார்கள் என்று அதுவரை எண்ணியிருந்தேன். அவர்களுக்கு மாதத்தில் கை ஓய்ந்திருக்கும் நாள் அது ஒன்றுதான். உட்கார இடம் வேண்டும், கேட்க ஏதாவது வேண்டும். அப்பா செய்ததும் அவ்வளவுதான்.

எனக்குப் பயம் போகவில்லை. நான் இப்போது இருக்கும் புளியங்குடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாதாமாதம் வர வேண்டும். கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டில் விரிசல் இருக்கிறது. யார் தலையிலாவது விழுந்தால் என்ன பதில் சொல்வேன்? இதையெல்லாம் யோசித்து, வேண்டாம் என்று ஒரு நாளும் வேண்டும் என்று மறுநாளும் நினைத்தேன். கடைசியில் போன வாரம் பெரியப்பாவிடம் போய், கூடத்தைக் கொடுக்க வேண்டாம், நான் நடத்திப் பார்க்கிறேன் என்றேன். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "அப்ப சீட்ட முதல்ல மாத்தணும். ஏணி எங்கன கெடக்கு?" என்றார்.

அப்பாவை ஆஸ்பத்திரியில் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கடைசிக் காரியங்களில் எங்களோடு நின்ற தெருவினருக்கும், பீர் அண்ணாச்சிக்கும், செல்வி அக்காவுக்கும், கூடத்தில் பாடிய, வாசித்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரியப்பாவுக்கு இங்கே தனியாக நன்றி சொல்ல நினைத்தேன். அவரை நேரில் பிடிக்க முடியவில்லை. இதை எழுதும்போது அவர் கூரை மேல் நிற்கிறார்.