ஜெயபாய் பதித்த ஷவர் ட்ரே

உப்பளத்தில் பாத்தி மிதிக்க ஜெயபாயை விட்டால் ஆள் கிடையாது. கண்டிப்பான கங்காணிகூட அதை ஒத்துக்கொள்வார். பொங்கல் கழிந்து பாத்தியைச் சீர் பண்ணும்போது அடிமண்ணை மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். ஒரு பாதம் அகலத்துக்கு மண் தளர்ந்திருந்தாலும் போதும், தண்ணீர் அது வழியாக இறங்கிப் போய்விடும், உப்பு விளையாது. இருபத்தாறு வருசத்தில் ஜெயபாய் மிதித்த பாத்தியில் தண்ணீர் இறங்கிற்று என்று ஒருவர் வாயிலும் வந்ததில்லை. அப்படிப்பட்டவளுடைய சொந்த வீட்டுக் குளியலறையில்தான் தண்ணீர் இறங்கியது. ஆண்டவர் சில நேரம் இப்படியும் நம்மைச் சோதித்துப் பார்க்கிறார்.

வீடு, தூத்துக்குடி கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய அடுக்குக் கட்டடத்தில், முதல் மாடி. அதற்கு நேர் கீழே தையல்காரி முத்துச்செல்வியின் வீடு. மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் கீழே அவளுடைய மெஷினுக்கு மேலே சொட்டும். புரட்டாசியில் ஒருநாள் கல்யாணப் பெண்ணுடைய பட்டு ரவிக்கையில் சொட்டிக் கறை பிடித்துவிட்டது. ரவிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தாள் முத்துச்செல்வி. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஜெயபாய்க்குத் தேவலையாக இருந்திருக்கும். சரிபண்ணும் வரைக்கும் மேலே குளிக்கமாட்டோம் என்று அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அவளுக்கு அது பெரிய கஷ்டமில்லை. விடியுமுன்னே கீழே பொதுக் குழாயடியில் குளித்துவிட்டு வந்துவிடுவாள். கஷ்டமெல்லாம் அவள் புருசன் இஞ்ஞாசிக்குத்தான். துறைமுகத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர், இரண்டு வருசத்துக்கு முந்தி லாரியின் மேலிருந்து விழுந்துவிட்டார், இடது தொடையில் தகடு வைத்திருக்கிறது. கம்பை ஊன்றி வீட்டுக்குள் நடப்பார். ஆனால் மாடிப்படி பதினெட்டு. ஜெயபாயின் தம்பி வில்பிரட் காலையில் வந்து கைத்தாங்கலாக இறக்கி, குழாயடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைப்பான். பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். அவர்கள் நல்லவர்கள்தான், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்கள் திருப்பிக்கொள்வதைத்தான் இஞ்ஞாசியால் தாங்க முடியவில்லை.

முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றார். பிறகு வாரத்துக்கு ஒருதரம். அதற்கும் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட வரவில்லை என்றார். குளிக்காத உடம்போடு மாதா முன்னால் எப்படி நிற்பது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். காய்ச்சலிலும் பூசை தவறாத மனுசன் அவர். கையில் ஜெபமாலையை வைத்துக்கொண்டு ஜெயபாய் அன்றைக்குத் தனியாகப் போனாள். என் புருசன் தானாகக் கதவைச் சாத்திக்கொண்டு குளிக்க ஒரு வழி காட்டும் தாயே என்று, அது ஒன்றைத்தான் கேட்டாள்.

மேஸ்திரிமார் யாரும் வரவில்லை. பெரிய கட்டட வேலையை விட்டுவிட்டு நாலடிக் குளியலறைக்கு யார் வருவார்? நாளைக்கு வாரேன் என்றார்கள், அந்த நாளை ஐப்பசி வரைக்கும் வரவில்லை. மழை பிறந்து உப்பளத்தில் வேலை நின்றது. ஜெயபாய் வீட்டில் சும்மா இருந்தாள். சும்மா இருக்கிற கை அவளுக்குப் பழக்கமில்லை.

அந்த வாரம்தான் வில்பிரட் தன் வண்டியின் பின்னால் ஒரு சாமானைக் கட்டிக்கொண்டு வந்தான். அவன் பெயிண்டர். மில்லர்புரத்தில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போன இடத்தில், வீட்டுக்காரர்கள் வாங்கிவிட்டு வேண்டாமென்று ஒதுக்கிப் போட்டிருந்த ஷவர் ட்ரே. மூன்றடிச் சதுரம், வெள்ளை வெளேரென்று, சுற்றிலும் நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு, ஒரு மூலையில் தண்ணீர் போக ஓட்டை. நின்று குளிக்கிற தண்ணீர் முழுதும் அதற்குள்ளேயே விழுந்து குழாய் வழியே போய்விடும். இஞ்ஞாசி கட்டிலில் இருந்தபடி அதைப் பார்த்தார். மீன் அலசுத தட்டு மாதிரி இருக்கு, என்னை அதுல போட்டு அலசப் போறியளா என்று கேட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் பேசின வேடிக்கைப் பேச்சு அது.

ஜெயபாய் ஹார்டுவேர் கடைக்குப் போனாள். கடைக்காரர் காசிலிங்கம் அண்ணாச்சி விவரமானவர். ட்ரேயைக் கொண்டுபோய்த் தரையில் வைத்துவிட்டால் போதாது என்றார். முதலில் தரையும் சுவரும் தண்ணீர் குடிக்காதபடி பூச்சு பூச வேண்டும், மூலைகளில் வலைத்துணி ஒட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் கலவை பரப்பி அதன்மேல் ட்ரே. கடைசியில் விளிம்பைச் சுற்றி இடுக்கை அடைக்க சிலிக்கான் பசை. யார் வேலை செய்யப் போறது என்று கேட்டார். நான்தான் என்றாள்.

"உப்பு வாருத கையி கொத்தனாரு கொலுரு பிடிக்குமா, ஜெயபாயி?"

"பிடிச்சுப் பாக்கேன் அண்ணாச்சி. பிடிக்கலன்னா உங்க கிட்டதான் கொண்டாந்து போடுவேன்."

வேலை தொடங்கியது. பழைய டைல்ஸைக் கொத்தி எடுத்தாள். வில்பிரட் கடற்கரை மணல் ஒரு சாக்கு கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்கு, உப்பு மணலில் கலவை போட்டால் சுவர் ஆயுசுக்கும் ஈரம் கசியும் என்று அவனை விரட்டிவிட்டாள். உப்பின் குணத்தை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூச்சுக்கென்று அண்ணாச்சி கொடுத்த பொடியையும் பால்போன்ற மருந்தையும் குழைத்து, பிரஷ்ஷால் ஒருநாள் நெடுக்காகவும் மறுநாள் குறுக்காகவும் பூசினாள். மூலைக்கு மூலை வலைத்துணி வைத்து அதன்மேலும் பூசினாள். எல்லாம் காய்ந்தபின் கலவையைப் பரப்பி, கழிவுக் குழாயைப் பொருத்தி, வில்பிரட்டும் அவளுமாக ட்ரேயை இறக்கினார்கள்.

இந்த இடத்தில்தான் ஒரு காரியம் செய்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ட்ரேக்குள் இறங்கி, மிதித்தாள். சுற்றி வந்து, குதிகாலை அழுத்தி, மூலை மூலையாக, பாத்தி மிதிக்கிறது போலவே. யாரும் சொல்லவில்லை, கால் தானாகச் செய்தது. ஈர மண் என்றால் மிதிக்க வேண்டும் என்று அந்தக் காலுக்குத் தெரியும். மிதித்து முடித்து விளிம்பைச் சுற்றி சிலிக்கான் இழுத்துவிட்டு, தகப்பனே உமக்குத் தோத்திரம் என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

நாலாம் நாள் இஞ்ஞாசி சுவரிலிருந்த பழைய ஷவரைத் திறந்துவிட்டு ட்ரேயில் கால் வைத்தார். கொரக் என்று ஒரு சத்தம். ட்ரேயின் நடு அமுங்கிற்று, ஒரு பக்கம் தூக்கிற்று. சிலிக்கான் பிளந்து, அடியில் குழாயின் இணைப்பும் விலகிற்று. ஜெயபாய் ஓடிவந்து அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கீழிருந்து முத்துச்செல்வியின் குரல் கேட்டது.

"ஏளா ஜெயபாயி, மழை வெளியிலயா பெய்யுது, என் வீட்டுக்குள்ளயா?"

இஞ்ஞாசி கோபப்படவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்து, துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"போதும்ளா. எனக்குக் குழாயடியே இருக்கட்டும். நாலு பேரு பாத்தா என்ன, தேஞ்சா போயிருவேன்."

அவர் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஜெயபாய் துடைக்கும் துணியை எடுத்தாள். முதலில் கீழே போய் முத்துச்செல்வியின் மெஷினைத் துடைத்துக் கொடுத்தாள். செல்வியக்கா, இன்னும் ஒரே ஒரு வாரம் தாங்க என்று கேட்டாள். தாரேன், ஆனா தீபாவளித் துணி நனைஞ்சா நீதான் வந்து ஊருக்குப் பதில் சொல்லணும் என்றாள் முத்துச்செல்வி.

மறுநாள் வில்பிரட் வந்ததும் ட்ரேயை நெம்பித் தூக்கினார்கள். அடியில் பார்த்தபோது ஜெயபாய்க்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. நடுவில் கலவை தோசை மாதிரி மெலிந்து கிடந்தது. சுற்றிலும் வரப்புக் கட்டினது போல ஒதுங்கி நின்றது. மிதித்த மிதியில் எல்லாம் ஓரத்துக்குப் போயிருக்கிறது. பாத்தியில் அடியிலும் மண் இருக்கும். மிதித்தால் மண்ணோடு மண் இறுகும். இங்கே அடியில் இருப்பது கான்கிரீட். இறுக இடமில்லாத கலவை பக்கத்தில் ஓடியிருக்கிறது. வேலை தெரிந்த கால்தான் வேலையைக் கெடுத்திருக்கிறது.

அன்றைக்கெல்லாம் யோசித்தாள். மிதிக்காமல் விட்டால் ட்ரே சரியாகப் படியாது. மிதித்தால் கலவை ஓடும். காலில்லாமல் எதை வைத்து அழுத்துவது? கல்லை வைத்தால் கல் இருக்கிற இடம் மட்டும்தான் அமுங்கும். சாயங்காலம் ஜெபம் சொல்லும்போதும் மனசு அதிலேயே நின்றது. ஜெபமாலையின் மூன்றாம் மணிக்கும் நாலாம் மணிக்கும் நடுவில் விரல் நின்றுபோயிற்று. பாத்தியில் மிதித்து முடித்தபிறகு என்ன செய்வோம்? தண்ணீர் கட்டுவோம். மேடு எது பள்ளம் எது என்று காட்டித்தருவது தண்ணீர்தானே. பாரத்தையும் அது ஒரு இடத்தில் வைக்காது, எல்லா இடத்திலும் சமமாக வைக்கும். ஜெபத்தை முடித்துவிட்டு எழுந்து, இஞ்ஞாசியிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, கப்பலில் சரக்கு ஏற்றுகிறதும் அப்படித்தான், ஒரே பக்கம் ஏற்றினால் சாயும் என்றார்.  குழாயடிப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

திரும்பவும் முதலில் இருந்து ஆரம்பித்தாள். ஒதுங்கின கலவையைச் சுரண்டி எடுத்தாள். அடியில் பூச்சு ஒரு கீறலும் இல்லாமல் நன்றாக இருந்தது. தண்ணீர் இறங்கினது குழாயைச் சுற்றி விட்டிருந்த இடைவெளியில்தான். அங்கேயும் வலைத்துணியை வட்டமாக வெட்டி ஒட்டி, இரண்டு தடவை பூசினாள். காய விட்டாள். புதுக் கலவையை ஒரே கனத்துக்குப் பரப்பினாள். குழாயைப் பொருத்தி, ட்ரேயை மெள்ள இறக்கினார்கள். போன தடவை பார்த்த ஞாபகத்தில் மிதிக்க வில்பிரட் ஒரு காலைத் தூக்கினான். அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டாள்.

ஓட்டையை அடைத்துவிட்டு, நடுவில் மெதுவாக செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டாள். நாலு குடம் பிடித்தது. விளிம்புக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று நாலு பக்கமும் விரலை வைத்துப் பார்த்தாள். மூன்று பக்கம் சரி. சன்னல் பக்கம் மட்டும் ஒரு நெல் கனம் வித்தியாசம். வில்பிரட் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, உனக்கு வீண் சந்தேகம் என்றான். அவள் கேட்கவில்லை. விரல் நுனியால் அந்த ஓரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தாள். சரியாயிற்று. இரண்டு நாள் அந்தத் தண்ணீரை அப்படியே நிற்கவிட்டாள். நிறைந்து நிற்கும்போதே விளிம்பைச் சுற்றித் துடைத்துக் காயவைத்து, சிலிக்கானை இழுத்தாள். பாரத்தோடு இருக்கும்போது ஒட்டினால் பாரம் ஏறும்போது பிரியாது என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு காசிலிங்கம் அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் தராசுக் கல்லைக் கீழே வைத்துவிட்டு, இதை உனக்கு எவன் சொன்னான் என்று கேட்டார். பாத்தி சொல்லிச்சு அண்ணாச்சி என்றாள்.

சனிக்கிழமை காலை அடைப்பைப் பிடுங்கினாள். நாலு குடத் தண்ணீரும் கொடகொடவென்று ஓடிப்போயிற்று. பிறகு ஷவரைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டாள். கீழே முத்துச்செல்வி மெஷின் மேலே வெள்ளைப் பருத்தித் துணியை விரித்துவிட்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கழுத்து வலித்திருக்கும். பாதி நேரத்தில் ஒருதரம் துணியைத் தடவிப் பார்த்தாளாம். மணி முடிந்ததும் படி ஏறி வந்து, உலர்ந்த துணியை ஜெயபாயின் கையிலேயே கொடுத்தாள்.

"ஒரு சொட்டு இல்லளா. தொட்டுப் பாத்துக்கோ."

ஜெயபாய் தொட்டுப் பார்த்தாள். துணி மொடமொடவென்றிருந்தது. அதைக் கன்னத்திலும் வைத்துப் பார்த்தாள். முத்துச்செல்வி அதோடு நிற்கவில்லை. என் வீட்டுக் குளியலறையும் ஒழுகித்தான் கிடக்கு, மேஸ்திரியம்மா எப்போ வாரீக என்று கேட்டாள். வில்பிரட் விழுந்து விழுந்து சிரித்தான்.

இஞ்ஞாசி கட்டிலை விட்டு எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு, தோளில் துண்டோடு, குளியலறை வாசல் வரைக்கும் தானாக வந்தார். உள்ளே ஸ்டூலைப் போட்டு வைத்திருந்தார்கள். ட்ரேயில் ஒரு காலை வைத்தார். சத்தமில்லை. மற்றக் காலையும் வைத்தார். பாறையில் நிற்கிறது போல நின்றார். தாங்கிப் பிடிக்க வில்பிரட் கையை நீட்டினான். வேண்டாம்லே என்று தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

வெளியே மூன்று பேரும் நின்றார்கள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு சோப்புப் போடுகிற சத்தம், தொண்டையைச் செருமுகிற சத்தம். ஆம்பளை குளிக்கிறதை என்ன நின்று கேட்கிறது என்று முத்துச்செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். வில்பிரட்டும் வேலைக்குப் புறப்பட்டான். ஜெயபாய் மட்டும் நின்றாள். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. மாடித் தொட்டி காலியாகிவிடும் போலிருந்தது. கதவைத் தட்டி, போதும்ங்க, வெளிய வாங்க என்றாள்.

"இரிளா, இப்பத்தானே வந்தேன்" என்று உள்ளேயிருந்து சொன்னார் இஞ்ஞாசி. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.