நனையாத மூட்டை

ஆலயத்தில் நான் எப்போதும் கடைசி வரிசை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சபைப் போதகரான ஐயர் யாரையாவது ஜெபம் பண்ணச் சொல்லித் தேடினால் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் பெஞ்சு தூக்க வேண்டும், சேற்றில் இறங்கின வண்டியை ஏற்ற வேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூச்சப்படுகிறவனுக்குக் கர்வம் இருக்காது என்று நினைக்கிறார்கள். எனக்கு இருந்தது. வெளியே தெரியாமல் தோளில் இருந்தது.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எல்லை எங்கே வரும் என்று பேசிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊருக்கும் நகரிக்கும் நடுவில் ஆறு. ஆலயம் நகரியில். அறுப்பின் பண்டிகைக்கு ஒவ்வொரு குடும்பமும் விளைந்ததில் கொஞ்சம் கொண்டுபோய்ப் படைக்கும். அந்த வருஷம் ஒரு முழு மூட்டை நெல்லை நானே சுமந்து வருவதாகச் சொல்லியிருந்தேன். பண்டிகைக்கு முந்தின நாள் மழை பிடித்தது. காலையில் ஆற்றில் இடுப்பளவு தண்ணீர்.

வெள்ளம் வந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் கை கோத்து வரிசையாகத்தான் ஆற்றைக் கடப்போம். ஒருவர் சறுக்கினால் இரண்டு பக்கமும் பிடி இருக்கும். மூட்டை சுமக்கிறவன் வரிசையில் சேர முடியாது. ஒரு கை மூட்டைக்குப் போய்விடும்.

என் மனைவியின் தம்பி சொன்னான்: "மாமா, இன்னிக்கே குடுக்கலன்னா ஐயரு ஜெபம் பண்ணமாட்டாரா? தண்ணி வடியட்டும், வண்டி கட்டிக்கினு போலாம்."

என் மனைவி சிரித்தாள். "உடுடா. உங்க மாமாவுக்கு வாயில வராததெல்லாம் தோள்லதான் வரும்."

தலையில் கனம் இருந்தால் கால் மணலில் நன்றாக ஊன்றும் என்று நினைத்துக்கொண்டு, மூட்டையை ஏற்றிக்கொண்டேன். மைத்துனன் அக்காவை வரிசைக்குக் கூப்பிட்டான். அப்போது நான் பேசினேன். பேசாதவன் பேசின ஒரே பேச்சு அது.

"அவ என்கூட வரட்டும். நான் ஒருத்தன் போதும்."

அவள் மறுக்கவில்லை. என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

வரிசை முன்னால் போய்க் கரையேறிவிட்டது. எதிர்க்கரையில் சபையார் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடு ஆற்றில் அவள் கால் ஒரு பள்ளத்தில் இறங்கியது. மணிக்கட்டைப் பிடித்தேன். தண்ணீர் இழுத்தது. இன்னொரு கை வேண்டியிருந்தது. அது மூட்டையில் இருந்தது. மூட்டையைத் தள்ளிவிட ஒரு கணம் போதும். கரையில் இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று நினைத்தேன். ஒரு கையே போதும் என்றும் நினைத்தேன். வளையல் என் உள்ளங்கையில் உரசிக்கொண்டு போனது. பிறகு கையில் ஒன்றுமில்லை.

மூட்டையைக் கரையில் எப்படி இறக்கினேன் என்று ஞாபகமில்லை. ஆண்கள் ஆற்றோரமாக ஓடினார்கள். எனக்கு ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், அந்த நிலையிலும் மூட்டையை நனையவிடாமல் கொண்டுவந்ததைச் சொல்லித் தோளைத் தட்டினார்.

இரண்டு நாள் கழித்துக் கிழக்கே வெகுதூரத்தில் கிடைத்தாள். தூக்கிவரும் நிலையில் இல்லை. அங்கேயே ஐயர் வந்து அடக்கம் செய்தார். எல்லை பிரித்தபோது அந்த ஊர் மதராஸ் ராஜ்யத்துக்குப் போனது. நாங்கள் ஆந்திராவில் நின்றுவிட்டோம்.

எல்லோரும் ஆற்றைத்தான் பழித்தார்கள். நானும் பேசாமல் இருந்தேன். கூச்சம் அதற்கு வசதியாக இருந்தது. அடுத்த வருஷம் பண்டிகைக்கு ஆறு வறண்டிருந்தது. மணலில் நடக்கும்போது மூட்டையை நான் விடாததை மைத்துனனிடம் சொன்னேன். அவன் நிற்கவில்லை.

"தெரியும். கரையிலேந்து பாத்துக்கினுதான இருந்தேன்."

அன்றிலிருந்து அவன் என்னை மாமா என்று கூப்பிட்டதில்லை.

கர்த்தர் மன்னிப்பார் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். நம்புகிறேன். இன்னும் கடைசி வரிசையில்தான் உட்காருகிறேன். பலம் தாரும் ஆண்டவரே என்று சபையே சேர்ந்து கேட்கும் இடம் வரும்போது என் வாய் மட்டும் திறப்பதில்லை.