கரியருக்கு மேலே ஒரு கால்

என் மச்சான்மேல் எனக்குப் பொறாமை. சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவர் என் மனைவியின் அண்ணன். என்னைவிட நான்கு வயது மூத்தவர், எழுபத்துமூன்று முடிந்துவிட்டது. தினமும் காலை ஏழு மணிக்கு மானிப்பாயில் என் வீட்டுப் படலையைத் தாண்டிச் சைக்கிளில் சந்தைக்குப் போவார். இரண்டு தரம் மணி அடிப்பார். “நிக்க நேரமில்லையடாப்பா!” என்று ஒரு சத்தம். நான் வாசலுக்கு வருவதற்குள் அவருடைய முதுகு மட்டும்தான் தெரியும். அந்த முதுகைப் பார்த்துப் பார்த்தே எனக்கு வயிறு எரியும்.

ஏன் என்று சொல்கிறேன். ஆண்கள் ஓடும், பார் வைத்த பெரிய சைக்கிளில் ஏற ஒரு முறை இருக்கிறது. இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் நிலத்தை இரண்டு மூன்று தரம் உந்த வேண்டும். சைக்கிள் உருளத் தொடங்கியதும் அந்தக் காலைப் பின்பக்கமாகத் தூக்கி, சீற்றுக்குப் பின்னால் இருக்கும் கரியருக்கு மேலால் வீசி, சீற்றில் குந்த வேண்டும். பதின்மூன்று வயதில் முழங்கால் இரண்டையும் உரித்துக்கொண்டு பழகினேன். அதன்பிறகு ஐம்பத்தைந்து வருடம் அதைப்பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும் கையை யாராவது யோசிப்பார்களா?

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. முதலில் வாய்க்காலைத் தாண்டிக் குதிப்பது போனது. அடுத்ததாக, நின்றபடி களிசானுக்குள் கால் விடுவது. கட்டிலில் குந்தியிருந்து போடத் தொடங்கினேன். யாருக்கும் தெரியாது, எனக்கே கொஞ்ச நாள் தெரியாது. அதற்குப் பிறகுதான் ஒரு நாள் வலது காற்பெருவிரல் கரியரில் தட்டியது. சைக்கிள் திருத்துகிறவனிடம் போய், சீற்றை உயர்த்திவைத்திருக்கிறாய் என்று ஏசினேன். அவன் சீற்றை இறக்கிவிட்டான். அடுத்த வாரமும் தட்டியது.

போன மாரியில் விழுந்தேன். விழுந்த இடம் ரியூசன் கொட்டிலுக்கு முன்னால். வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாம் வெளியே வரும் நேரம். “ஐயோ, தாத்தா விழுந்திட்டார்!” என்று ஒரு பெட்டை கத்தினாள். முழங்கையில் தோல் போனது. அது ஒரு கிழமையில் ஆறிவிட்டது. அவள் கூப்பிட்ட சொல்தான் இன்னும் ஆறவில்லை.

எங்கள் ஊரில் ஒருவன் விழுந்தால் முதலில் லண்டனுக்குத்தான் தெரியும். அன்று பின்னேரமே மகள் வீடியோவில் வந்துவிட்டாள். “அப்பா, இன்னொருக்கா விழுந்தியள் எண்டால் வீட்டைப் பூட்டிப்போட்டு இஞ்சை வாங்கோ. இனிக் கதைக்க ஒண்டுமில்லை.” அவளுக்குப் பக்கத்தில் என் மனைவி. பேரனைப் பார்க்க ஆறு மாதம் என்று சொல்லிப் போனவள், இரண்டு வருடமாக அங்கேதான். எனக்கு லண்டன் வேண்டாம். மற்றவர் வீட்டு மூலையில் யாரும் உட்காராத ஒரு கதிரையாக இருக்க எனக்கு ஏலாது. ஆனால் சந்தை ஒன்றரைக் கட்டை தூரம். சைக்கிள் ஓட முடியாவிட்டால் நான் இங்கே தனியாக எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிப்பேன் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“இஞ்சாருங்கோ,” என்றாள் மனைவி. “என்ரை லேடீஸ் சைக்கிள் சும்மாதானே நிக்குது. பாரில்லை, காலைத் தூக்கத் தேவையில்லை. அதை எடுத்து ஓடுங்கோவன்.”

“உமக்கென்ன விசரோ?” என்றேன். முன்னால் கூடை வைத்த பெண்கள் சைக்கிளில் நான் சந்தைக்குப் போவதா!

“அப்ப அண்ணையைப் பாருங்கோ. உங்களைவிட மூப்பு. இப்பவும் காலை வீசிப்போட்டுத்தானாம் ஏறுறார்.”

கண்டறியாத அண்ணை! போனை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனேன். உடுப்புக் காயப்போடும் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னால் வீசிப் பார்த்தேன். முற்றத்துத் தண்ணிக் குழாயின் உயரத்துக்குப் போனது, அதற்குமேல் போகவில்லை. தினமும் காலையில் நல்லெண்ணெய் பூசி வீசினேன். வீசிக்கொண்டு நிற்கும்போதுதான் அந்த மணி இரண்டு தரம் அடிக்கும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: இவர் ஒரு நாள் விழட்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டேன். பெரிதாக வேண்டாம், ஒரு சிராய்ப்புப் போதும். பார்க்க நாலு பேர் நிற்க வேண்டும்.

அவர் விழவில்லை. போன மாதம் ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. ஏழு மணிக்கு நடுறோட்டில் போய் நின்று கையை நீட்டினேன். “மச்சான், நில்லுங்கோ! ஒரு அலுவல் கிடக்கு!”

அவர் முகம் மாறியது. ஹாண்டில் ஆடியது. என்னைச் சுற்றி ஒரு வளைவு எடுத்து, “வீட்டை வா, வீட்டை வா, அங்கை கதைப்பம்!” என்று கத்தியபடி போய்விட்டார்.

அவ்வளவு பெருமையா? ஏறி இறங்குகிற கால் இருக்கிறதென்றால், தங்கையின் புருசனுக்காக ஒரு நிமிடம் இறங்கக் கூடாதா? இன்றைக்கு நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அவருடைய வீட்டுக்கு நடந்தேன். நடக்க நடக்கக் கோபமும் ஏறியது, முழங்காலும் நொந்தது.

அவருடைய ஒழுங்கைக்குள் நான் திரும்பியபோது அவருடைய மனைவி வாசலில் நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் ஏனோ திடுக்கிட்டா. “வாங்கோ, உள்ளுக்குப் போய் இருங்கோ,” என்றா. நான் போகவில்லை. அந்த நேரம் எனக்குப் பின்னால் மணி கேட்டது.

மச்சான் மிக மெதுவாக வந்தார். அவர் குட்டை, சீற்றில் இருந்தால் கால் நிலத்தில் எட்டாது. வாசலை நெருங்கியதும் அந்த மனுசி இரண்டடி ஓடிப்போய் ஒரு கையால் ஹாண்டிலையும் மறு கையால் கரியரையும் இறுக்கிப் பிடித்தா. சைக்கிள் நின்றது. அவர் இடது காலை வாசற்படியில் ஊன்றினார். வலது கால் வரவில்லை. அவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, அவ குனிந்து அந்தக் காலைக் கணுக்காலில் பிடித்துத் தூக்கி, கரியருக்கு மேலால் கொண்டுவந்து நிலத்தில் வைத்தா. “ஆறுதலா, ஆறுதலா,” என்றா. அவர் அவவின் தோளில் கையைப் போட்டு மூச்சு வாங்கினார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“ஏறுறதும் இப்பிடித்தானோ?” என்று கேட்டேன்.

“ஓம். ரெண்டு வருசமா.”

“சந்தையிலை?”

“மதிலிலை காலை ஊண்டிக்கொண்டு நிப்பன். மீன்காரி பையைக் கொண்டுவந்து ஹாண்டிலிலை கொழுவிவிடுவா. உன்ரை வீட்டடியிலை பிடிக்க ஒரு மதிலுமில்லையடாப்பா, தகர வேலி. எப்பிடி நிக்கிறது?” குரலைத் தாழ்த்தினார். “தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதை.”

“லேடீஸ் சைக்கிள் ஒண்டு வாங்குங்கோ எண்டால் மானம் போயிடுமாம்,” என்றா மச்சானின் மனைவி. “நீங்கள் ரெண்டுபேரும் ஒரே அச்சு.”

யோசித்துப் பார்த்தால், இந்த இரண்டு வருடத்தில் மச்சான் ஏறுவதையோ இறங்குவதையோ நான் ஒரு நாளும் கண்டதில்லை. போவதை மட்டும்தான் கண்டேன். எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். நான் கேட்டதற்கு மேலேயே பிள்ளையார் காட்டிவிட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். ஆனால் என் கண்ணுக்குள் அவருடைய கால் வரவில்லை. அவருடைய கணுக்காலைப் பிடித்த அந்தக் கைதான் வந்தது. முன்பு எரிந்ததைவிட மோசமாக எரிந்தது. எனக்கு அவருடைய காலே வேண்டாம், அவரே வைத்துக்கொள்ளட்டும். நான் ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் எட்டு மணிக்கு றோட்டைப் பார்க்க என் வாசலில் யார் நிற்கிறார்கள்?

பின்னேரம் மனைவி கூப்பிட்டாள். “அண்ணை இண்டைக்கும் சந்தைக்குப் போனவரோ?”

“ஓம், போனவர்.”

“காலை வீசித்தான் ஏறினவரோ?”

“ஓம். அந்தாளுக்கென்ன,” என்றேன். பிறகு, இரண்டு வருடமாக வீம்புக்குக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். “நீர் எப்ப வாறீர்?”

அவளுடைய முகம் போனுக்குக் கிட்ட வந்தது. “ஏன்? திரும்ப விழுந்திட்டியளோ?”

“இல்லை. விழேல்லை.”

“பின்னை என்ன?”

“உம்மடை சைக்கிளை எடுத்துத் துடைச்சு வைச்சிருக்கிறன். ஓடிக்கொண்டு திரும்பி வரேக்கை வாசலிலை நிக்க ஆளில்லை.”

போன் சரிந்திருக்க வேண்டும். அந்த வீட்டின் வெள்ளைச் சுவர் மட்டும் தெரிந்தது. பிறகு அவளுடைய குரல் கேட்டது, என்னோடு அல்ல.

“பிள்ளை, இஞ்சை ஒருக்கா வா. எனக்கு ஒரு டிக்கெற் பாரன்.”